தண்ணீர் இல்லாத தீவில் மூன்று நாள்

ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பறைச் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று தொங்கும். அதில் எனக்குப் பிடித்த இடம் மேற்கிந்தியத் தீவுகள். இரண்டு அமெரிக்காக்களுக்கும் நடுவே, கடலில் யாரோ உளுந்தைச் சிந்திவிட்ட மாதிரி கிடக்கும். கரும்பு, வாழை, புயல் என்று பாடம் ஓடும். நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிப் போட்டேனே தவிர, ஒரு தீவைக்கூடக் கண்ணால் பார்த்தவளில்லை.

இதை ஒரு நாள் என் கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பகுதியில் வேலை பார்த்தார். சொந்த ஊர் வையம்பட்டி பக்கம். வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தே வளர்ந்தவர். நாள் முழுக்க இரும்புத் தகட்டில் சம்மட்டி விழும் சத்தத்தில் நின்று நின்று, முப்பது வயசுக்குள் அவர் காது பாதி மந்தமாகிவிட்டது. அதனால் எதையும் சற்று உரக்கப் பேசுவார். ஆனால் பேசுவது குறைவு.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ரயில்வே பாஸில் ராமேஸ்வரம் போய்வருவதாகப் பேச்சு. மூன்று தடவை லீவு கேட்டார். மூன்று தடவையும் கிடைக்கவில்லை. வைகாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று லீவு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து மூன்று நாள். கோடை விடுமுறை முடிந்து என் பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. பாஸ் எழுதித் தரும் குமாஸ்தா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் வாசல்படியிலேயே நின்று சொன்னார்: "தீவுதானே பாக்கணும்? ரெண்டு புடவை எடுத்து வை. நாளைக்குக் காலையில பாத்துடலாம்."

மறுநாள் பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். ஸ்ரீரங்கம் என்று டிக்கெட் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பதால் அது தீவுதான். பூகோளம் சொல்லிக் கொடுக்கிற எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு மைல்தான். கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் அங்கே எங்களுக்குச் சோலியே இருந்ததில்லை.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் எட்டிப் பார்த்தேன். கீழே முழுக்க மணல். மாடுகள் படுத்துக் கிடந்தன. ஒரு பக்கம் பையன்கள் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தீவுக்கு நடந்தே வந்திருக்கலாமே என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. விழாத மாதிரி இருந்தாரோ என்னவோ.

அம்மா மண்டபம் சாலையில் ஒரு விடுதிக்குப் போனோம். விடுதிக்காரர் எங்களை ஏதோ வழி தவறி வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். மார்கழியில் ஏகாதசிக்கு இங்கே நிற்க இடம் கிடைக்காது, இப்போது பன்னிரண்டு அறையும் காலி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாடியில் ஆற்றைப் பார்த்த அறையை எடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் வெள்ளை மணலின் வெக்கை முகத்தில் அடித்தது. உடனே சாத்திவிட்டேன். தெருவில் ஒரு குதிரை வண்டி மட்டும் நின்றது, அதன் வண்டிக்காரர் உள்ளேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் கோயில் பக்கம் நடந்தோம். மொட்டைக் கோபுரத்தின் அடியில் நுழைந்து, மதில் தாண்டி மதில் தாண்டிப் போகப் போக, எங்கள் காலடிச் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. கோயில் என்றால் கூட்டம், தள்ளுமுள்ளு என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே அணில் ஓடும் சத்தம் கேட்டது.

ஒரு மண்டபத்தில் தூண் தூணாகக் கல் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வீரன், கீழே புலி, ஈட்டி, கத்தி. எல்லாம் ஒரே கல். என் கணவர் ஒரு குதிரையின் வயிற்றுக்கும் காலுக்கும் நடுவே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வெகு நேரம் அப்படியே நின்றார். எந்த வேலையையும் அவர் லேசில் நல்ல வேலை என்று சொல்லமாட்டார். வீட்டுக் கதவைச் செய்த தச்சரைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"உள்ள உளி திரும்ப இடமே இல்லையே. எப்படிச் செஞ்சான்?" என்றார். அவர் குரல் மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் கோயில் குமாஸ்தா ஒருவர் வந்தார். ஐம்பது வயசிருக்கும், நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. மாடிக்குப் போக டிக்கெட் கொடுக்கிற வேலை அவருக்கு. மேலே நின்றால் எல்லாக் கோபுரமும் தெரியும் என்றார். நாங்கள் யார் என்று கேட்டார். சொன்னோம். கடிந்துகொள்வார் என்று நான் பயந்தேன். சன்னிதி வாசலுக்கு மேல் எங்களுக்கு அனுமதி இல்லை என்பதை அவர் தணிவாகவே சொன்னார். பிறகு, "அதுக்கு இப்பால இருக்கறதைப் பாக்கவே ஒரு நாள் போறாது. வாங்கோ, நானும் மேல வரேன். இந்த நாள்ல வேற யார் வரப்போறா?" என்று சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மாடிக் கல் இன்னும் சுட்டது. கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு பார்த்தோம். கோபுரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நின்றன. நடுவே பொன் விமானம் சாயங்கால வெயிலில் எரிகிற மாதிரி இருந்தது. அதைச் சுற்றி ஓட்டு வீடுகள், தென்னை. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், இரண்டும் இரண்டு வெள்ளைத் துணி விரித்த மாதிரி. மணலுக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டையும், அதன் பக்கத்தில் எங்கள் மாதா கோயிலின் கூரிய கோபுரமும் சின்னதாகத் தெரிந்தன. தினமும் நான் நடக்கிற தெருக்கள் அங்கே இருக்கின்றன என்று நம்ப முடியவில்லை. வாழ்நாளெல்லாம் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஆறு இப்படிக் காய்ந்து கிடக்கிறதே என்று என் கணவர் கேட்டார். அவருக்கு விளங்கும்படி குமாஸ்தா கிட்டே வந்து சொன்னார்: "மேட்டூர்ல தெறந்தாச்சு. முக்கொம்பு தாண்டி வரணும். நாளன்னிக்குக் காத்தால எழுந்தருளிடுவா."

பெருமாள் புறப்பாட்டுக்குச் சொல்கிற சொல்லை அவர் ஆற்றுக்குச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. வெயிலில் அலைந்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். நாளை மத்தியானம் ஊர் திரும்ப வேண்டும், தண்ணீர் வருகிறபோது வரட்டும், வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீர் வரும் என்று யாரும் தேதி சொன்னதே இல்லை என்று மட்டும் சொன்னார். நான் தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் மணலில் இறங்கினோம். ஆற்றின் நடுவில் ஒரு பெண் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். நான்கு மாதமாக அந்தத் தெருவுக்கே அந்தக் குழிதான் குடிதண்ணீர் என்றார். குடிக்கக் கொடுத்தார். ஜில்லென்று இனித்தது.

"இன்னிக்குத்தான் கடைசிக் குடம்மா. நாளையிலேருந்து படித்துறையிலயே மொண்டுக்கலாம்" என்றார்.

அப்படிச் சொல்லி முடித்துக் குடத்தை இடுப்பில் வைக்கும்போது மேற்கேயிருந்து கொக்குகள் தாழப் பறந்து வந்தன. மணலில் எறும்பும் வெட்டுக்கிளியும் எங்கள் காலைத் தாண்டி ஓடின. கரையில் யாரோ கையை ஆட்டினார்கள். தூரத்தில் மணல் மேல் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. முதலில் அது அசையவே இல்லை என்று நினைத்தேன். பிறகு ஒரு மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை.

பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது நடந்து வந்தது. பள்ளம் வந்தால் நின்றது, நிரம்பியது, பிறகு புறப்பட்டது. நாக்கு நாக்காகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, முன்னால் நுரையும் சருகும் வைக்கோலும் எருக்கம்பூவும் தள்ளிக்கொண்டு வந்தது. காய்ந்த மணல் குடிக்கக் குடிக்கக் குமிழி வெடித்தது. ஈர மண் வாசனை எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

என் கணவர் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை மணலில் வைத்திருந்தார்.

"சத்தம் வருதா?" என்று கேட்டார்.

"வருது."

"எப்படி?"

நான் அவர் காதருகே குனிந்து, "காஞ்ச எண்ணெயில அப்பளம் போட்டாப்பல. ஆறு அகலத்துக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண் மட்டும் தண்ணீரை விட்டு நகரவில்லை.

முதல் நாக்கு எங்களைக் கடந்து ஊற்றுக் குழிக்குள் விழுந்தது. குழி கலங்கியது, நிரம்பியது, விளிம்பு கரைந்தது. சற்று நேரத்தில் குழி எங்கே இருந்தது என்று காட்ட முடியவில்லை. அந்தப் பெண் குடத்தோடு அப்படியே நின்று பார்த்தார். தினமும் குனிந்து தோண்டிய இடம் அது. பிறகு ஒரு கையால் அந்தக் கலங்கல் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கரைக்கு நடந்தார்.

எங்கள் கணுக்காலுக்கு மேல் ஏறியது. வெதுவெதுப்பாக இருந்தது; வழியெல்லாம் சுட்ட மணலில் வந்த தண்ணீர். எனக்குப் பயமாகவும் இருந்தது, அங்கிருந்து நகர மனமும் இல்லை. மாதா கோயிலுக்கு வெளியே சிலுவை போட்டு நான் பார்த்திராத என் கணவர், முழங்கால் நனைய நின்று நெற்றியிலிருந்து மார்புக்கும் தோளுக்கும் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டேன். படித்துறையில் பெண்கள் குலவையிட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள், மஞ்சளும் பூவும் போட்டார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. என் கையில் ஒரு அம்மாள் நாலு உதிரி மல்லிகையைத் திணித்தார். நானும் போட்டேன்.

மத்தியானத்துக்குள் கரைக்குக் கரை தண்ணீர். விடுதியில் நாலு குடும்பம் வந்து இறங்கிவிட்டது. விடுதிக்காரருக்கு எங்களோடு பேச நேரமில்லை. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்காமல் பாலத்தில் நடந்தோம். பாதிப் பாலத்தில் என் கணவர் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். வையம்பட்டிக்குப் போகும்போது அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொல்ல வேண்டாம், அழைத்துவந்து காட்டிவிடலாம் என்றேன்.

அடுத்த வருஷம் மாமனாரை அழைத்துவந்து அதே விடுதியில் நான்கு நாள் தங்கினோம். தண்ணீர் தாமதமானது, அவர் ஊர் திரும்பிய மறுநாள் வந்தது. அதற்கடுத்த வருஷங்களில் ஒன்று என் கணவர் ஷிப்டில் இருந்தார், இல்லையென்றால் எனக்குப் பள்ளிக்கூடம். நாங்கள் போய்ச் சேரும்போதெல்லாம் ஆறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் அதைக் குறையாகச் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிப் பாலத்துக்குப் போவார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை அங்கேயே நிற்பார்.