தமயந்தியின் மண்காவடி

ஆர்.கே.பேட்டை சாலையிலிருந்து பார்த்தால் தமயந்தியின் நிலம் சுவரில் சாய்த்து வைத்த முறம் மாதிரி தெரியும். அத்தனை சரிவு. அதில் கொள்ளு விதைத்துத்தான் குடும்பம் வயிறு கழுவியது. எழுபதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம், புருஷன் துளசிங்கம் அங்கே கல் உடைக்க வீரபத்திரன் என்ற காண்டிராக்டருக்கு இடத்தைக் குத்தகைக்குப் பேசிவிட்டு வந்தான். கல்லை எடுத்தபின் பயிர் வைக்கத் தோதாகச் சரிவைப் படிப்படியாக வெட்டிக் கொடுத்துவிடுவாராம்.

"படி கெடைக்கும். பயிரு எதுல வெப்பே, பாறை மேலயா?" என்று கேட்டாள் தமயந்தி.

அவளே தெலுங்கு கலந்து பேசும் நகரிக்காரரான வீரபத்திரனிடம் போனாள். மேல்மண்ணை வழித்தெடுத்த பிறகுதான் வெடி வைக்கவேண்டும் என்றாள்.

"ஏமம்மா, மண்ணைப் பொட்டியில வெச்சிப் பூட்டப் போறியா?"

"ஆங், பூட்டிக்கிறேன் நைனா. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் சிரித்துவிட்டு, "சரி, சீக்கிரம் வழிச்சிக்கோ" என்றார்.

தமயந்தி கடப்பாரையால் அங்கங்கே குழி போட்டுப் பார்த்தாள். உச்சியில் கறுத்த மண் நாலு விரல்கூட இல்லை. சரிவின் அடிவாரத்தில் முழங்கை ஆழம். அதற்குக் கீழே வெறும் செஞ்சரளை. அவசரத்தில் முதல் கூடைகளில் சரளையும் கலந்துவிட்டது. தன்னையே திட்டிக்கொண்டு அவற்றைத் தனியே கொட்டினாள். பிறகு அவளும் துளசிங்கமும் உச்சியிலிருந்து குறுக்குவாக்கில் வழித்து, கீழே சமதரையில் குவித்து, சுற்றிக் கல் அணைத்து, குவியல் மேல் கொள்ளு தூவினார்கள். அடுத்த மழையில் மண் ஒரு பிடி கரையவில்லை.

ஆனால் கறையான் வந்தது. குவியலின் ஓரத்தில் புற்று எழும்பியது. அதை முதலில் பார்த்தவள் துளசிங்கத்தின் அக்கா ஜெயம்மாள். மஞ்சள் பூசினாள், பால் ஊற்றினாள். வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ மணிகூடக் கட்டிவிட்டார்கள். தமயந்தியும் கற்பூரம் ஏற்றினவள்தான்.

குவாரி முடிந்தது. சொன்னபடியே படிகள் நின்றன, மொட்டைப் பாறையாக. தமயந்தி மண்வெட்டியோடு வந்தாள். ஜெயம்மாள் குறுக்கே நின்றாள்.

"கை வெச்சே, கண்ணு பூடும். அம்மன் குந்திகினு கீறா."

துளசிங்கம் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

"இவுரு வேற" என்று முனகினாள் தமயந்தி. இந்த மண் மேலே ஏறாவிட்டால் அவளுக்கு நிலமே கிடையாது. பொழுதெல்லாம் புற்றெதிரே உட்கார்ந்திருந்தவள் கடைசியில் கேட்டாள்.

"அண்ணி, நம்ம கொலசாமி நகரியிலேர்ந்து எப்படி வந்துது?"

"இன்னாடி கேள்வி? அங்க கோயில்ல பிடிமண்ணு எடுத்தாந்து இங்க வெச்சோம்."

"இந்த அம்மன் எந்த மண்ணுல வந்தா?"

ஜெயம்மாள் குவியலைப் பார்த்தாள். சரிவை அண்ணாந்து பார்த்தாள். "மேல இருந்த மண்ணுல."

"அப்போ அவ ஊடு மேலதானே? புத்து இருக்கிற எடம் அப்படியே இருக்கட்டும். மிச்ச மண்ண ஊட்டுக்கு இட்டுகினு போவ வேணாமா?"

ஜெயம்மாள் கோபமாகக் கத்தினாள்.

"அதுக்கு? கூடையில வாரிகினு போவியா? அம்மன் இன்னா செங்கல்லா? காவடி கட்டணும்டி!"

ஆடிக்கிருத்திகை அப்போதுதான் முடிந்திருந்தது. வீட்டுக்கு வீடு காவடித் தண்டு சும்மா கிடந்தது. வாடிய பூவை உதிர்த்துவிட்டு இரண்டு பக்கமும் மண்கூடை கட்டினார்கள். ஊரே "அரோகரா" என்று சரிவில் ஏறியது. புற்றை விட்டுவிட்டுக் குவியல் மொத்தமும் படிப்படியாக மேலே போனது. சரளைக் குவியலை மட்டும் யாரையும் தொடவிடவில்லை தமயந்தி.

சத்தம் கேட்டுச் சாலையில் ஒரு லாரி நின்றது. வீரபத்திரன் எட்டிப் பார்த்தார்.

"ஏமம்மா, பொட்டி தொறந்துட்டியா?"

"சாவி எங்க அண்ணிகிட்ட இருந்துது நைனா!"

அவர் இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு காவடிக்குத் தோள் கொடுத்தார்.

தையில் ஒவ்வொரு படியிலும் கொள்ளு காய்த்துத் தொங்கியது. முதல் சுண்டலைப் புற்றுக்குப் படைத்தாள் தமயந்தி. ஜெயம்மாள் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றாள். மறுபடி கை நீட்டினாள்.