நேர்த்திக்கு முடிந்த வெள்ளி ரூபாய்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த என் மகள், பழைய வெள்ளிக் காசுகளை வாங்கி விற்கத் தொடங்கினாள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் ராசா தலை போட்ட வெள்ளி ரூபாய் இன்னும் பல வீடுகளில் உண்டு. வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்பாள். போனில் படம் பிடித்து, விற்பனைக்கு என்று இணையத்தில் போடுவாள். கேட்பார் இல்லாதவற்றைப் பதுளை பஜாரில் ஒரு கடைக்காரரிடம் கொடுப்பாள். வீட்டில் முடங்கிக் கிடப்பதற்கு இது மேல் என்று நினைத்தேன். கண்ட வீட்டுப் படியெல்லாம் ஏறுகிறாளே என்று பயந்துகொண்டும் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, ஹாலிஎலையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர் வந்தார். அன்று பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகவில்லை என்றார். கையில் வெறும் மஞ்சள் துணி ஒன்று இருந்தது.

"டீச்சர், ஒங்க பாப்பா எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு ரூபா வாங்கிட்டு வந்துருச்சு. அது சாமி காசு டீச்சர்."

அவருடைய குழந்தை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த ரூபாயைக் குழந்தையின் தலையைச் சுற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். குழந்தை பிழைத்துவிட்டது. வரும் ஆடியில் கதிர்காமத்து உண்டியலில் போடவேண்டிய காசு அது.

"அந்த அண்ணன் ஒண்ணுமே சொல்லலையேம்மா," என்றாள் மகள். "அவரே அவுத்துத்தான் குடுத்தாரு."

"அந்த மனுசனுக்கு என்னா தெரியும்! சாமி படத்துக்குப் பின்னால இருந்தா சும்மா கெடக்குன்னு நெனப்பு."

அந்த ரூபாயை மகள் ஏற்கனவே பஜார் கடைக்காரரிடம் கொடுத்திருந்தாள். மூவரும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனோம். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நேத்துத்தான் டீச்சரம்மா எல்லாத்தையும் மருந்துல போட்டுக் கழுவுனேன்."

தட்டை எடுத்து முன்னால் வைத்தார். எல்லாம் பளபளவென்று ஒரே மாதிரி இருந்தன. மகள் போனில் இருந்த படத்தைத் தேடி எடுத்தாள். அதே ஆண்டு பொறித்தவை தட்டில் பல. படத்தில் இருந்த ஒரே அடையாளம் விளிம்பிலிருந்த மஞ்சள் கறை. அது கழுவலில் போய்விட்டது.

"ஒரே ராசாதானே, எந்தத் தலைய எடுத்தா என்னா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வேற காசப் போட்டா சாமி ஏத்துக்குமா? புள்ளை தலையச் சுத்துனது." பிறகு என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, நீதானே வாங்குன. நீ எடுத்துக் குடு. நீ சொன்னா எனக்குப் போதும்."

மகள் என்னைப் பார்த்தாள். தெரியாது என்று சொன்னால், இனி அந்தக் குழந்தைக்குத் தும்மல் வந்தாலும் இந்தத் தாய் நடுங்குவார். ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தால் அது பொய். பொய் சொல்லாதே என்று வகுப்பில் தினமும் பிள்ளைகளிடம் சொல்லுகிறவள் நான். விரத நாளைக்கூட மறந்துபோகிறவள். அப்படியிருந்தும், சாமி காசில் பொய்யா என்று பயந்தேன்.

மகள் தட்டிலிருந்து ஒரு காசை எடுத்தாள். தயங்கவேயில்லை. "இதுதான் அக்கா."

அந்தப் பெண் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துணியில் வைத்து இறுக முடிந்தார். அழுதார். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரைத் தெமோதரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நின்றபோது மகளிடம் கேட்டேன், "நெசமாவே அது அதுதானா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே தலையாட்டுனீங்க."

நான் தலையாட்டினேனா? எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆட்டவில்லை என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.