சுறா எண்ணெய் பூசிய கார்

கொழும்பிலிருந்து என் காரை வாங்க வந்தவர் லொறியில் வந்தார். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கார் வாங்குகிறவன் பஸ்ஸில் வருவான், வாங்கியதை ஓட்டிக்கொண்டு திரும்புவான். லொறியைச் சந்தியில் விட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல நடந்து வருகிறவருக்கு என்ன நோக்கம்?

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு நான் வாங்கிய கார் அது. பேசாலையில் படகு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருந்தேன். கார் யப்பான் தயாரிப்பு, இரண்டு கதவு, தரையோடு ஒட்டிக்கொண்டு பறக்கிற சாதி. வாங்கும்போது கோழிக்கூடு மாதிரித்தான் கிடந்தது. ஏழு வருடம் அதோடு மாரடித்தேன். பழைய எஞ்சினை இறக்கிவிட்டுப் பெரியது பூட்டினேன், ஸ்பிரிங் மாற்றினேன், சைலன்சரை நானே வளைத்துப் பொருத்தினேன். ஊரில் விசரன் என்றார்கள். சொல்லட்டுமே! சந்தியில் நான் திரும்பும் சத்தத்திலேயே என் மகளுக்கு அப்பா வருகிறார் என்று தெரிந்துவிடும்.

அந்த மகளுக்காகத்தான் விற்க வேண்டி வந்தது. அவளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே கால்களுக்குப் பலமில்லை. கிழமைக்கு ஒருமுறை வவுனியா ஆஸ்பத்திரியில் பயிற்சி. காரின் தாழ்ந்த இருக்கையில் ஏற்றி இறக்கினால் இடுப்பு நோகுது என்று அழுவாள். சக்கர நாற்காலியோ காருக்குள் நுழையவே நுழையாது. அதனால் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தாள். மன்னார் டவுனில் ஒருவர், நாற்காலியோடே ஏற்றக்கூடிய தன்னுடைய வான் வண்டியை மாதக் கடைசி வரைக்கும் எனக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். கார் போனால் வான் வரும்.

விளம்பரம் போட்டதும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கண்ணை நேரே பார்க்கவில்லை. ஒருவன் தேவைக்கு மேல் சிரித்தான். மூன்றாமவன் நான் சொன்ன விலைக்கே சரி என்றான். பேரம் பேசாதவனை எப்படி நம்புவது? உடைத்துப் பாகம் பாகமாக விற்கப் போகிறீர்களா என்று மூவரிடமும் கேட்டேன். மூவரும் இல்லை என்றார்கள். அப்படித்தானே சொல்வார்கள்! மூவரையும் அனுப்பிவிட்டேன்.

நாலாவது ஆள் இந்த லொறிக்காரர். ஐம்பது வயது இருக்கும். பெயின்றைப் பார்க்கவில்லை, உள்ளே ஏறி உட்காரவில்லை. சாக்கு ஒன்றை விரித்து நேரே காருக்கு அடியில் போய்ப் படுத்தார். போன வேகத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னண்ணே, இதுல மீன் ஏத்துனீங்களா? இந்த நாத்தம் நாறுது!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மீன் ஏத்துற வண்டியே இது? வடிவாப் பாத்துக் கதையுங்கோ. அது சுறா எண்ணெய்."

"எங்கயோ ஒழுகுது. அத மறைக்க எதையோ பூசி வச்சிருக்கீங்க."

"வள்ளத்துக்கு நாங்கள் பூசுறதுதான். இஞ்சத்தை உப்புக்காத்து இரும்பைத் திண்டுபோடும். மாசம் ஒருக்கா நல்ல தண்ணியில கழுவி, காயவிட்டு, நானே கீழ படுத்துக்கிடந்து பூசினனான்."

அவர் நம்பவில்லை. மறுபடி உள்ளே போய்த் துணியால் துடைத்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் துருக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்து ஒரு நட்டைத் திருகினார். அது சுலபமாகச் சுழன்றது. இன்னொன்றைத் திருகினார். அதுவும் அப்படியே. வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அடேயப்பா! கடலோரத்து வண்டி, நட்டெல்லாம் கையாலயே கழண்டுடும் போல இருக்கே!"

ஓட்டப் போகிறவனுக்கு நட்டு கழன்றால் என்ன, கழலாவிட்டால் என்ன? இவருக்கு எதற்கு இவ்வளவு சந்தோசம்? அந்த லொறியும் ஸ்பானரும் எனக்கு இப்போது நன்றாக விளங்கின.

"கார் விக்கேல்லை. நீங்கள் போகலாம்."

"ஏண்ணே, நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தோம்..."

"போங்கோ எண்டுறன்!"

அவர் சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார். மனைவி வாசலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இந்த ஆளில என்ன பிழை?"

"உடைக்கிறவன். பாக்கத் தெரியேல்லையே?"

"ஓம், வந்த எல்லாரும் கள்ளர். நீங்கள் ஒராள்தான் நல்லவர்." அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "போன கிழமை பஸ்ஸில இருக்க இடமில்லை. பிள்ளையை இடுப்பில வச்சுக்கொண்டு மடுச் சந்தி வரைக்கும் நிண்டுதான் போனனான். உங்களுக்குச் சொல்லேல்லை. சொல்லி என்ன? உங்களுக்குக் காரை விக்க மனமில்லை. அதைப் பிள்ளையிட்ட நீங்களே சொல்லுங்கோ."

வெட்கமாகப் போய்விட்டது. அவள் சொன்னது உண்மைதானே. லொறிக்காரரைத் தேடிக் காரை எடுத்தேன்.

மன்னார் டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் லொறி நின்றது. அவர் வடை தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து பின்னால் நகர்ந்தார்; அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"ஒண்டு கேக்கிறன், நேரே சொல்லுங்கோ. இதை உடைக்கப் போறீங்களோ?"

இல்லை என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் பொய்யன் என்று திட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். வழியெல்லாம் அதற்கும் ஆயத்தமாகத்தான் வந்தேன்.

"ஆமாண்ணே," என்றார். "எஞ்சினும் கியர்பொக்ஸும் எனக்கு வேணும். மிச்சம் பழைய இரும்புக்குத்தான். நீங்க கேக்கல, நானும் சொல்லல."

கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை. காசை எண்ணி வாங்கிக்கொண்டு கார்த் திறப்பைக் கொடுத்தேன். காரை லொறியில் ஏற்றும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்குள் போய் உட்கார்ந்து ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

அடுத்த கிழமை, வானின் பின்கதவைத் திறந்து பலகை போட்டு, மகளை நாற்காலியோடே உருட்டி ஏற்றினோம். அவள் அழவில்லை. மடுச் சந்தி தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, எங்கட கார் இப்ப எங்க?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"கொழும்பில ஓடுது, குஞ்சு," என்றேன்.

அவள் உடனே நம்பிவிட்டாள்.