இரண்டும் தீர்ந்த வண்டி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவில் ‘ஸ்பேர்’ என்றுதான் பேர். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் இன்னொன்று. கடைச் சாவி தன்னிடம் ஒன்று, பக்கத்து ரொட்டிக் கடையில் ஒன்று. வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் கடையில் இரண்டு குடை தொங்கும். இப்படிப்பட்ட மனுஷன் பிளக்-இன் ஹைபிரிட் கார் வாங்காமல் வேறு எதை வாங்குவார்?

வாங்கியதோடு விட்டாரா? கண் பரிசோதிக்க வந்தவர்கள் பலகையிலிருக்கும் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் கார் புராணம் தொடங்கிவிடும். ராத்திரி ஒயரைச் சுவரில் செருகிவிட்டால் ஊருக்குள் சுற்றுவதெல்லாம் பேட்டரியில் ஓடிவிடும், சத்தமே கிடையாது. தூரமாகப் போனால் பெட்ரோல் எஞ்சின் கைகொடுக்கும். குறையையும் மறைக்க மாட்டார். பேட்டரி இடத்தை அடைத்துக்கொண்டதால் டிக்கியில் இரண்டு பெட்டிக்கு மேல் போகாது, குளிர்காலத்தில் பேட்டரி சீக்கிரம் களைத்துவிடும், மழையில் நனைந்த ஒயரைச் சுருட்டினால் கையெல்லாம் சேறு. ரொட்டிக் கடைக்காரர் வைத்திருப்பது செருகவே வேண்டாத சாதா ஹைபிரிட். பெட்ரோல் போட்டோமா, ஓட்டினோமா என்று இருப்பவர் அவர். “அது கால்வாசி கரண்ட் வண்டி” என்பார் ஸ்பேர்.

மச்சானிடம்தான் வாய் நீளும். மனைவியின் தம்பி முழு மின்சாரக் கார் வாங்கியிருந்தான். எந்தக் கடை வாசலில் சார்ஜர் இருக்கிறது, எது பழுது என்று விரல் நுனியில் வைத்திருப்பான். சார்ஜ் ஏறும் இடத்தில்தான் அவனுக்குப் பசியே எடுக்கிறது என்று ஸ்பேர் கிண்டல் செய்வார். அவன் சிரித்துக்கொண்டே, “எனக்கு ஒண்ணுதான் இருக்கு மாமா. அதனால அதை ஒழுங்கா பாத்துக்கறேன்” என்றான். ஸ்பேர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகள் விஷயத்திலும் அவர் அப்படித்தான். அவள் படிப்பை முடிக்கும் முன்பே கடையில் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். தனக்கு ஒன்று ஆனால் கடையை யார் பார்ப்பது? மகளோ பாலம் கட்டும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய சண்டை. “நான் என்ன உங்க ஸ்பேராப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனவள், போன வருஷத்திலிருந்து அப்பாவோடு பேசவில்லை. அம்மாவோடு பேசுவாள். ஸ்பேர் பக்கத்தில் நின்று காதைக் கொடுப்பார், அவ்வளவுதான்.

இப்போது அவளை இன்னும் தூரத்து ஊருக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்து ஊர் ஜங்ஷனில் ரயில் மாற வேண்டும், மத்தியானம் முழுக்க அங்கேதான் இருப்பாள் என்று அம்மாவுக்குச் செய்தி வந்தது. சாயங்கால வண்டியை விட்டால் அடுத்து எப்போது பார்ப்பதோ. ஸ்பேர் கடையைச் சாத்திவிட்டு, சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காலையில் கார் மனைவி கையில் இருக்கும். வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பது அவர் வேலை. அன்று திரும்பி வந்தபோது பேட்டரி அடிமட்டத்தில் கிடந்தது. கணவர் செருகிவிடுவார் என்று நினைத்து உடை மாற்றப் போய்விட்டார். மனைவியோடு வண்டியில் ஏறியதும்தான் ஸ்பேர் அதைப் பார்த்தார். போகட்டும், பெட்ரோல் இருக்கிறதே. பெட்ரோல் விளக்கு பல நாளாக மஞ்சளாக எரிந்துகொண்டுதான் இருந்தது. பேட்டரிதான் இருக்கிறதே என்று அதைப் பார்ப்பதையே விட்டிருந்தார்.

ஊருக்கு வெளியே, கிடங்குகள் வரிசையாக இருக்கும் சாலையில், எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

“நீ பங்க் வழியாத்தானே தினம் வர்றே? பெட்ரோல் போட்டிருப்பேன்னு நினைச்சேன்.”

“நீங்க சார்ஜ் போட்டிருப்பீங்கன்னு நான் நினைச்சேன்.”

தப்பு இரண்டு பக்கமும் இருந்ததால் திட்டக்கூட ஆள் இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சானைக் கூப்பிட்டால், அவன் வேலையாக வேறு ஊரில் இருந்தான். போனில் வாடகை வண்டிக்குப் போட்டால், அந்தப் பக்கம் யாரும் இல்லை என்றே காட்டியது. ஒரு நாள் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பி, அதுவும் இப்படியா?

“அவளையே கூப்பிடுங்க. ஜங்ஷன்ல வண்டி கிடைக்கும்” என்றார் மனைவி.

“நீ பேசேன்.”

“இத்தனை நாளா நான்தான் பேசறேன். நான் பேசறேன்கற தைரியத்துலதான் நீங்க சும்மா இருக்கீங்க. உங்க பங்கையும் சேத்து என்னால பேச முடியாதுங்க.”

ஸ்பேர் போனை எடுத்தார். மகள் எடுத்து, அம்மா என்று நினைத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். “நான்தாம்மா” என்றார். வண்டி நின்ற கதையைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். எது தீர்ந்தது என்று கேட்டாள்.

“ரெண்டும்.”

“டிக்கில ஒரு கேன்கூடவா வெச்சுக்கல? நீங்களா?”

“இடம் இல்லம்மா.”

அந்தப் பக்கம் அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று அவருக்கு உறைத்தது. எங்கேயும் போகாதீங்க, நான் வர்றேன் என்றாள். அவர் எங்கே போக முடியும்?

வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. மகள் தோளில் பையும் கையில் பெட்ரோல் கேனுமாக இறங்கினாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது, கொஞ்சம் இளைத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டுவிட்டு, நேரே போய் மூடியைத் திறந்து பெட்ரோலை ஊற்ற ஆரம்பித்தாள். ஸ்பேர் பக்கத்தில் போய் நின்றார்.

“கடையைப் பத்திப் பேச வரலம்மா. அந்த நாற்காலியை எடுத்துட்டேன். உன்னப் பாக்கணும்னுதான் வந்தேன்.”

அவள் கேனை நிமிர்த்தாமல், “நீங்களே கூப்பிடுவீங்கன்னு தினம் பாத்தேன்பா” என்றாள்.

அவருக்குக் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. எதிரில் நிற்கும் மகள் தெரியவில்லை. கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. இன்னொரு கண்ணாடி அங்கேதான் இருந்தது. அதற்குள் மகள் கேனைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்திலிருந்ததைக் கழற்றித் தன் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்திருந்தாள். அவர் பையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவள் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.