ரேடியோவை வெளியேற்றிய வாரம்

போன வாரம் என் ரேடியோவை வீட்டை விட்டு அனுப்பினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அன்று மாலை ஆறு மணிக்கே தெரிந்துவிட்டது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டிப்பெரியாரில் எங்கள் வாசகசாலையில் மாதக் கடைசி ஞாயிறு ஓர் உறுப்பினர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த மாதம் என் முறை. ஒரு பெண் எழுந்து பேசுவது இதுதான் முதல் தடவையாம். செயலாளர் என் பெயரை நோட்டீஸ் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். நாவல் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று வாரத்தில் நான் படித்தது... நாற்பத்தொன்று.

நேரமெல்லாம் எங்கே போகிறது? நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தவள். தேயிலை ஃபாக்டரியில் ஒவ்வொரு மோட்டாரும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று லாக் எழுதுவது என் வேலை. எனக்கும் ஒரு லாக் எழுதினேன். காலை சினிமாப் பாட்டு — முப்பத்தைந்து நிமிடம். செய்தி — பத்து. நேயர் விருப்பம் — ஒரு மணி. நாடகம் — அரை மணி. அப்புறம், 'சும்மா' — ஒன்றரை மணி நேரம்! ஆக மொத்தம் மூன்றே முக்கால்.

'தினம் அரை மணி மட்டும்' என்று எழுதி ரேடியோவின் தலையிலேயே ஒட்டினேன். ஆனால் பாதிப் பாட்டில் யாரால் நிறுத்த முடியும்?

செவ்வாய்க்கிழமை, ஏரியல் கம்பியோடு அதைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவிடம் கொடுத்தேன். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சுக்கிடுங்க."

"நெசமாவா புள்ள? நீ நல்லா இருப்பே!"

நாங்கள் இருப்பது லயத்தில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு. நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேலே எல்லாருக்கும் ஒரே புகை, ஒரே சத்தம். பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். மின்சாரம் எப்படிப் போகும் என்று பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவளுக்கு, சத்தம் எப்படி வரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை பாருங்கள்!

ஆறு மணிக்கு நேயர் விருப்பம் சுவர் ஏறி வந்து என் தலையில் விழுந்தது. அக்காவின் வீட்டுக்காரர் மாடசாமி அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் சத்தம் இரண்டு மடங்கு. முன்பாவது சத்தத்தைக் குறைக்கும் குமிழ் என் கையில் இருந்தது.

புதன்கிழமை பதினொரு பக்கம். வியாழன் ஒன்பது. அன்று நாடகத்தில் முக்கியமான இடத்தில் அண்ணன் இருமித் தொலைத்தார். நானே சுவரோரம் போய், "என்னண்ணே சொன்னா அவ?" என்று கத்தினேன். என்மேல் எனக்கே எரிச்சல்.

வெள்ளிக்கிழமை பொறுமை போயிற்று.

"யக்கா, அத நிறுத்துங்களேன்! நான் படிக்கணும்."

"எது, அந்தத் தடிப் புஸ்தகமா? அதுல என்னதான் இருக்கு?"

"கதை."

"கதையா! இம்புட்டு நாளும் வாய்க்குள்ளயேவா படிச்சே? சத்தமாப் படி. ரேடியோவ நிறுத்துதேன்."

டக். நிறுத்தியே விட்டார்.

வேறு வழி? சுவரைப் பார்த்து உட்கார்ந்து அறுபத்திரண்டாம் பக்கத்தைத் தொடங்கினேன். முதல் வரியிலேயே கதாநாயகன் வந்தான்.

"யாருட்டி இந்த ராசு? மொதல்ல இருந்து படி!"

மறுபடி முதல் பக்கம்! அதுவும் எப்படி? "அவன் வாயில ரெண்டு போடாம என்ன பேச்சு கேட்டுக்கிட்டு இருக்கா?" என்று அக்கா நடுவில் புகுவார். "இங்க கேக்கல தாயி!" என்று மூன்றாம் வீட்டிலிருந்து ஒரு குரல் வரும். அண்ணனுக்காக முக்கியமான வரிகளை இரண்டு தடவை படிக்க வேண்டும். வெள்ளி பாதி ராத்திரி வரை, அப்புறம் லீவு நாளான சனி முழுக்க; விளக்கு வைக்கும்போது என் தொண்டையில் குரலே இல்லை.

ஞாயிறு காலை மிச்சத்தையாவது மனதுக்குள் ஓட்டிவிடலாம் என்று புத்தகத்தை மெதுவாகத் திறந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து அக்கா.

"ஏட்டி! தாள் பொரட்டுத சத்தம் கேக்கு! எங்கள விட்டுட்டுப் போறியா? சந்தைக்குப் போயிட்டு வாரது வரைக்கும் அதத் தொடக்கூடாது, ஆமா."

தொடவில்லை. தொட்டால் அந்த லயத்தில் நான் குடியிருக்க முடியுமா?

மாலை வாசகசாலையில் அரை மணி நேரம் கரகரத்தேன். கடைசியில் செயலாளர் ஆர்வமாகக் கேட்டார்: "முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?"

"தெரியாது, சார். எங்கள் லயம் இன்னும் இருநூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது."