கண்ணு போடுறவ படம்

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது முதல் வரிசையில் எழுந்த ஷெட்டுகளில் நாலு, நான் போட்டவை. திருவள்ளூரில் மாடி வீடு. பொன்னேரியில் சிமெண்டுத் தரையும் மர நாற்காலியுமாக ஒரு தியேட்டர். அதற்கெல்லாம் முன்னால், ஆரணிக்குப் போகிற வழியில் ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில், மூங்கிலும் கீற்றும் வைத்து நான் கட்டிய டூரிங் கொட்டாய். வெள்ளம் அதை இரண்டு தடவை வாரிக்கொண்டு போனது. இரண்டு தடவையும் தண்ணீர் வடிந்த மறு மாசமே கட்டி நிறுத்தினேன். எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் நாலாங்கிளாஸ். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது ‘தி எண்ட்’ ஒன்றுதான், அதுவும் எப்போது விளக்குப் போடுவது என்று தெரிய வேண்டுமே என்பதற்காக.

இதில் எதற்கும் எவனும் கை கொடுக்கவில்லை. ஆனால் நான் உண்டாக்கியதிலேயே பெரியது கட்டடம் இல்லை, ஒரு கதை.

அறுபதுகளின் கடைசி. இரண்டாவது வெள்ளத்துக்குப் பிறகு கொட்டாயில் கூட்டமே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வர வேண்டிய தமிழ்ப் படத்தின் பெட்டி வரவில்லை. பட்டணத்துக் கம்பெனிக்காரன் பதிலுக்கு ஒரு இங்கிலீஷ் பேய்ப் படத்தை என் தலையில் கட்டிவிட்டான். கறுப்பு வெள்ளை. ஒரு துரைசாணி வருவாள். அவள் வெறித்துப் பார்த்தால் மேசை விளக்கு தானாகக் கீழே விழும். படிக்கட்டைப் பார்த்தால் அதில் நிற்கிறவன் உருண்டு செத்துப்போவான். “மனசாலயே பொருளை நகத்துற சக்திப்பா அது” என்று புக்கிங் குமாஸ்தா எனக்கு விளக்கிச் சொல்லி அனுப்பினார்.

அதை நான் எங்கள் சனத்துக்கு எப்படிச் சொல்ல? படம் ஓடி ஐந்து நிமிஷத்தில் மணலை வாரித் திரை மேல் இறைத்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். துரைசாணி விளக்கைப் பார்த்தாள். என் வாயில் வந்தது இதுதான்: “பாத்துக்கோ, கண்ணு போடுறா.”

கொட்டாய் அடங்கிவிட்டது. மனோசக்தி என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்கள். கண்ணு போடுவது யாருக்குத் தெரியாது? கறவை மாட்டுக்கு, விளைந்த நெல்லுக்கு, பெற்ற பிள்ளைக்கு, எல்லாவற்றுக்கும் கண் படும் என்று மிளகாய் சுற்றிப் போடுகிற ஊர். பிறகு நான் நிறுத்தவே இல்லை. துரைசாணி சின்னப் பெண்ணாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தாள், அதிலிருந்து அவளுக்குக் கண் மூடாது, மூடாத கண்ணில்தான் விஷம் ஏறும் என்று நானே கட்டினேன். “நான் பாத்தது பொழைக்காது” என்று அவளுக்கு ஒரு வசனமும் கொடுத்தேன். இரண்டு நாள் ஓடுவதற்கு வந்த படம் இரண்டு வாரம் ஓடியது. கவரைப்பேட்டையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தைத் தமிழ்ப் படத்துக்குக்கூட நான் பார்த்ததில்லை.

பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்க ஒரு அக்கா இருந்தாள். ஆந்திர எல்லையில் தடா பக்கத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு, புருஷன் போன பிறகு தனியாக இருந்தவள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள், ஆனாலும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். இளம் வயசில் முகவாதம் வந்ததில் அவளுக்கு வலது இமை இறங்காது. தூங்கும்போதும் அந்தக் கண் திறந்தே கிடக்கும். மூடாத கண் என்று மைக்கில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தினமும் எதிரில் பார்த்ததுதானே வாயில் வரும்? அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

முதலில் எல்லாம் கேலியாகத்தான் இருந்தது. படம் பார்க்க வந்த பெண்கள் அந்தக் கண்ணை வைத்து வாசலிலேயே அவளை வம்புக்கு இழுப்பார்கள்.

“யக்கா, எங்கூட்டுக்காரன் மேல ஒரு தபா கண்ணு போடேன். குட்ச்சிட்டு வந்தா அப்டியே கீழ வுழட்டும்.”

“வுழுந்தா நீதான்டி தூக்கணும். போ, போயி மணல்ல குந்து.”

இரண்டாவது வாரம் ஒரு சேதி வந்தது. கொட்டாய் நின்ற நிலத்துக்காரர் நெல் நிலம் நிறைய வைத்திருந்தவர். அவர் மகள் பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு படம் பார்க்க வந்திருந்தாள். வாசலில் அக்கா குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினாளாம். மூன்றாம் நாள் ஜன்னி கண்டு குழந்தை போய்விட்டது.

புதன்கிழமை மத்தியானம் அவரே வந்தார். உட்காரவில்லை.

“அவ இன்மே இங்க நிக்கக் கூடாது.”

“புள்ளைக்கு ஜுரம் வந்ததுக்கு அவ இன்னா பண்ணுவா நைனா?”

“நீதானே மைக்ல சொன்னே, மூடாத கண்ணுன்னு. இப்ப இல்லைங்கிறியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் போனதும் அக்கா வந்தாள். சாலையோரக் கிணற்றில் அவளைத் தண்ணீர் எடுக்க விடவில்லை. பால்காரன் அவள் வீட்டு வழியாக மாட்டை ஓட்டுவதில்லை. எதிரில் வந்த பெண்கள் முந்தானையால் பிள்ளைகளை மூடுகிறார்கள். அவள் அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மைக்ல ஒரு வார்த்த சொல்லு நைனா. அது நீ கட்ன கதைன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்கோ.”

“ஞாயித்துக்கெழம பொட்டி திரும்பிப் போவுது யக்கா. கடைசி ஆட்டத்துல சொல்லிடறேன். இப்ப சொன்னா படம் படுத்துடும்.”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் எங்க பாக்கறது?”

பொன்னேரிச் சந்தையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தனுப்பினேன். பெரிய உபகாரம் செய்ததாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக்குள்ளிருந்து யாரைப் பார்க்கிறாள் என்று தெரியாமல் போனதில் சனம் இன்னும் மிரண்டது.

சனிக்கிழமை காலையில் குடத்தோடு கிணற்றுக்குப் போயிருக்கிறாள். நாலைந்து பேர் மறித்துக் கண்ணாடியைப் பிடுங்கினார்கள். ஒருத்தர் கையில் சுண்ணாம்புத் தூள் இருந்தது. அதை எறிந்தால் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவளால் இடது கண்ணை மட்டும்தான் மூட முடிந்தது.

பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு நான்தான் டாக்சி வைத்துக் கொண்டுபோனேன். வழி நெடுக என் தோள் மேல் சாய்ந்து கிடந்தாள். அந்தக் கண் வெந்துவிட்டது, இனிப் பார்வை இல்லை என்று டாக்டர் சொன்னார். தடாவிலிருந்து அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனார். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாய் நிரம்பி வழிந்தது. சொன்ன சொல் தவறக்கூடாதென்று நடுவில் படத்தை நிறுத்தச் சொன்னேன். இது நான் கட்டிய கதை, இந்தப் படத்தில் கண்ணு போடுகிறவள் யாரும் இல்லை, அந்த அக்கா கண்ணுக்கு வந்தது வாத நோய், என்றேன். யாரோ விசில் அடித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: “பாத்தியா, மொதலாளி மேலயும் கண்ணு போட்டுக்கினு போய்ட்டா. இன்னாமா ஒளர்றாரு பாரு.” படத்தைப் போடு என்று மணலைத் தட்டினார்கள். போட்டேன்.

நான் எத்தனையோ பேய்ப் படம் ஓட்டியிருக்கிறேன். எதிலும் பார்வையால் யாரும் யாரையும் கொன்றதாக நான் நம்பியதில்லை. சொல்லால் முடியும் என்பதை மட்டும் கண்டிருக்கிறேன்.

இப்போது எங்கள் பக்கத்துப் படித்த பிள்ளைகள் சேர்ந்து, பழைய சினிமாக் கொட்டாய்களைப் பற்றி ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். என் பேரன் வாசித்துக் காட்டினான். நான் கட்டிய தியேட்டர் இருக்கிறது, என் படமும் இருக்கிறது. அதிலேயே, ‘அக்காலத்தில் டூரிங் கொட்டகையில் கண்திருஷ்டியால் குழந்தையைக் கொன்ற ஒரு பெண் வேலை செய்தாள், ஊரார் அவளை விரட்டினர்’ என்று நாலு வரி. நான் கட்டிய கதையை அவள் செய்த கொலையாக அவள் பேரில் எழுதிவிட்டார்கள். இதை நான் ஒப்ப மாட்டேன். தியேட்டர் என் பேரில் வேண்டாம், ஷெட்டும் வேண்டாம், என் படத்தையும் எடுத்துவிடுங்கள். அந்த நாலு வரியை அடித்துவிட்டு, அந்தக் கதையும் வசனமும் யாருடையது என்று போடுங்கள். அதைக் கட்டி, மைக்கில் சொல்லி, நிறுத்தாமல் விட்டது நான். என் பேரைப் போடுங்கள்.