முப்பது சோடிச் சப்பாத்து

எங்கள் வீட்டுக் கொரிடோர் நாய் பழக்குவதற்கென்றே கட்டியது போல இருந்தது. மொன்ட்ரியால்-நோரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. வாசற்கதவில் தொடங்கி, இரண்டு அறைகளையும் குளியலறையையும் தாண்டி, குசினியில் போய் முடிகிற நீண்ட ஒடுக்கமான வழி. அறைக்கதவுகளைச் சாத்திவிட்டால் ஒரு குட்டிக்குப் போக ஒரு பாதை, திரும்பி வர அதே பாதை. நூலகத்திலிருந்து நான் அள்ளிக்கொண்டு வந்த புத்தகங்கள் எல்லாம் இதைத்தான் கேட்டன: எடுத்த பொருளோடு குட்டி தப்பி ஓட முடியாத ஓர் இடம்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. சனிக்கிழமைகளில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அங்கே என்னோடு பெட்டி அடுக்கிய கியூபெக்காரன் ஒருவன் இலையுதிர் காலம் வந்தால் வாத்து வேட்டைக்குப் போவான். ஒருநாள் வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போனபோது அவனுடைய கறுப்பு லாப்ரடோர் பெண்நாய் வேலை செய்வதைப் பார்த்தேன். அவன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கன்வாஸ் துணியில் தைத்து உள்ளே பஞ்சு அடைத்த ஒரு பொதியை, டம்மி என்பார்கள் அதை, அவன் ஆற்றில் எறிந்தான். அவளுடைய முன்னங்கால் நடுங்கியது. ஆனால் அசையவில்லை. அவன் நின்று சிகரெட் பற்றவைத்தான், இரண்டு இழுவை இழுத்தான், பிறகுதான் "வா" என்று பிரெஞ்சில் சொன்னான். 'போ' என்று பொருள். அவள் குளிர்ந்த தண்ணீருக்குள் பாய்ந்து, எடுத்து, நீந்திக் கரையேறி, அதை அவன் கையில் கொடுக்கும்வரை உடம்பை உதறவில்லை. கொடுத்த பிறகுதான் உதறினாள். நாங்கள் இரண்டு பேரும் நனைந்துபோனோம்.

அந்த உதறாத சில விநாடிகளில் என் மனம் விழுந்துவிட்டது. அவளுடைய அடுத்த ஈற்றில் ஒரு பெண்குட்டியைத் தருவாயா என்று அந்த இடத்திலேயே கேட்டேன்.

டிசம்பரில் குட்டியைக் கொண்டுவந்து கொரிடோரில் இறக்கியபோது அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

"இதுவும் மூண்டு மாதத்துக்கோ?"

"இல்லையம்மா. இது உயிர்."

"கிற்றாரையும் உயிர் எண்டுதான் சொன்னனீ."

சொன்னேன்தான். கிற்றார், நிழற்படம், ஜப்பானிய மொழி எல்லாம் என் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. அப்பா குட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊரிலை நாய் வீட்டு முத்தத்திலை நிக்கும். இஞ்சை முத்தம் எங்கை கிடக்கு?" என்றார். அதற்குப் பிறகு பல மாதம் அவருக்கு அவள் 'அது'தான். அம்மாவுக்கோ ஒரே கிழமையில் 'பிள்ளை' ஆகிவிட்டாள். அம்மா "பிள்ளை!" என்று கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் போய் நிற்போம். பெரும்பாலும் அவள்தான் முதலில்.

குளிர்காலம் முழுவதும் கொரிடோரில் வேலை நடந்தது. "அஸ்ஸி" என்றால் உட்கார வேண்டும். பழைய காலுறையை உருட்டி எறிவேன், ஓடிப்போய் எடுப்பாள், வர ஒரே வழி என்பதால் என் மடிக்கே வருவாள். வெடிச்சத்தத்துக்குப் பயப்படக்கூடாது என்பதற்காக, அவள் சாப்பிடும்போது குசினியில் நின்று அம்மாவின் தாச்சியைக் கரண்டியால் தட்டினேன். முதலில் மெதுவாக, நாளுக்கு நாள் பலமாக. ஒருநாள் அப்பா அறையிலிருந்து வந்தார்.

"என்ன சத்தம்?"

"துவக்குச் சத்தத்துக்குப் பயப்பிடாமல் பழக்கிறன் அப்பா."

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர் என்னையும் தாச்சியையும் பார்த்தார். "அதுக்குப் பழக்கலாமெண்டால் சொல்லு. நானும் வந்து பக்கத்திலை இருக்கிறன்."

நாய் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏழாவது மாதத்தில் அவள் பத்துக்குப் பத்து: பத்து முறை எறிந்தால் பத்தையும் என் கையில் கொண்டுவந்து தருவாள். நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

மே மாதம் வந்தது. எங்கள் பங்கில் யாழ்ப்பாணத்து, மன்னார்க் குடும்பங்கள் மே மாதமும் ஒக்டோபர் மாதமும் மாதா சுரூபத்தை வீடு வீடாக வைத்துச் செபமாலை சொல்வார்கள். அந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் முறை. அப்பாதான் செபத்தை நடத்துபவர். முப்பது பேர் வந்து குசினிப் பக்கத்துக் கூடத்தில் நெருக்கியடித்து இருந்தார்கள். முப்பது சோடிச் சப்பாத்து வாசலில் குவிந்தது. நாயை என் அறையில் விட்டுச் சாத்தியிருந்தேன்.

செபமாலையின் இரண்டாவது பத்து மணியில் எந்தக் குழந்தை கதவைத் திறந்ததோ தெரியாது. முழங்காலில் இருந்த என் கையில் ஏதோ ஒன்று மெதுவாக வந்து பட்டது. பார்த்தால் நாய். வாயில் ஒரு பெரிய கறுப்புச் சப்பாத்து. ஒழுங்காக உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, என் கைக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

கொண்டுவந்த நாயைத் திட்டக்கூடாது. திட்டினால் இனிக் கொண்டுவராது. அதே நேரம், அனுப்பாமல் போன நாயைப் பாராட்டவும் கூடாது. பேசாமல் வாங்கிவைத்துவிட்டு அவளை அறைக்குள் விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பின்னால் இருந்த மாமி, "ஐயோ, கெட்டிக்காரி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் அடுத்ததுக்கு ஓடினாள்.

செபம் முடிந்ததும் கொரிடோர் திருவிழாவாகிவிட்டது. "என்ரையையும் எடுத்துக்கொண்டு வா பாப்பம்!" "இஞ்சை பார், சரியான ஆளிட்டைக் குடுக்குது!" வந்தவர்களுக்கென்று அம்மா பொரித்த ரோல்ஸில் ஆளுக்கொரு துண்டு அவள் வாய்க்குள் போனது. பிள்ளைகள் சப்பாத்தை எறிந்தார்கள், அவள் வாயில் இருந்ததைப் பிடித்து இழுத்தார்கள், அவளும் உறுமி இழுத்தாள். போகிற நேரம் ஒருவரும் தன் சோடியைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பெரியவர் ஒரு காலில் தன் சப்பாத்தும் மறுகாலில் அம்மாவின் குளியலறைச் செருப்புமாகப் படியிறங்கினார். இறங்கும்போது அப்பாவைப் பார்த்து, "அடுத்தமுறை சேர்க்கஸ் மாதிரி ரிக்கெற் போடுங்கோ," என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது பகிடியாக இருக்கவில்லை.

"ஒக்டோபரிலை மாதா திரும்ப இந்த வீட்டை வருவா," என்றார் என்னிடம். குரலை உயர்த்தவில்லை. "அண்டைக்கும் இப்பிடி நடந்தால், அடுத்த நாள் அது இஞ்சை நிக்காது. விளங்குதோ?"

விளங்கியது. அவள் எங்கே போவாள் என்பதும் தெரிந்திருந்தது. குட்டியைத் தந்த கிடங்கு நண்பனின் மாமா ஒருவர் வடக்கே காட்டுக்குப் பக்கத்தில் நாய்களைச் சங்கிலியில் கட்டி வளர்ப்பவர். எனக்கு வேண்டாமென்றால் தான் எடுத்துக்கொள்வதாக, நான் குட்டியை வாங்கிய அன்றே சொல்லியிருந்தார்.

அந்த ஒரு பின்னேரம் ஐந்து மாத வேலையைத் தின்றுவிட்டது. டம்மி என் கையை விட்டுப் புறப்படும் முன்பே அவள் புறப்பட்டாள். எடுத்ததைப் பாதி வழியில் போட்டுவிட்டு வேறொன்றைத் தேடினாள். கிட்டப் போனால் இழுத்து விளையாடக் கூப்பிட்டாள். நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். இன்னும் அதிகமாக எறிந்தேன். ஆற்றங்கரைப் பூங்காவில் காலையில் இருபது, மாலையில் இருபது. அம்மாவின் உடுப்புக் கொடிக்கென்று வாங்கிய புதுக் கயிற்றை அவள் கழுத்துப் பட்டியில் கட்டி, ஓடும்போது இழுத்து நிறுத்தினேன். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவள் இன்னும் வேகமாக ஓடப் பழகினாள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் பரீட்சை முடிந்து வந்து குசினி யன்னலால் பார்த்தேன். பின்பக்கப் பல்கனியில் அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கப்பியில் ஓடுகிற கொடி. அம்மா ஒரு துணியை மாட்டுவார், கொடியைத் தள்ளுவார், அடுத்ததை மாட்டுவார். அம்மாவின் விரல்கள் தொழிற்சாலையில் தைத்துத் தைத்து மரத்துப்போனவை. கிளிப்புகள் ஓயாமல் நழுவி விழும். நாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு கிளிப் அவள் மூக்குக்கு முன்னால் விழுந்து துள்ளியது. பார்த்தாள். அசையவில்லை. அம்மா ஆறுதலாகக் குனிந்து தானே எடுத்தார். இன்னொன்று விழுந்தது. அதையும் அம்மாவே எடுத்தார். ஐந்தோ ஆறோ விழுந்த பிறகு ஒன்று கதிரைக்குக் கீழே உருண்டு போனது.

"அதை எடுத்துத் தாங்கோ பிள்ளை."

அப்போதுதான் எழுந்தாள். கதிரைக்குக் கீழே தலையை விட்டு, முன்பற்களால் நோகாமல் பிடித்து, அம்மாவின் கையில் வைத்தாள். திரும்பவும் உட்கார்ந்தாள்.

நான் யன்னலிலேயே நின்றேன். என் மேசையில் நான்கு புத்தகங்கள் விரித்தபடி கிடந்தன. அவற்றில் ஒன்றில், பென்சிலால் நானே அடிக்கோடிட்ட பக்கத்தில், எறிவதில் பெரும்பங்கை நீயே நடந்துபோய் எடு என்று எழுதியிருந்தது. அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன்.

"எப்ப இருந்து இப்பிடி இருக்கிறாள்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எப்பிடி?"

"இப்பிடி. ஓடாமல்."

"ஏன் ஓடவேணும்? விழுந்தது என்ரை கிளிப். வேணுமெண்டால் நான் கேப்பன்தானே."

அந்தக் கோடை முழுவதும் நான் நடந்தேன். ஆற்றங்கரையில் அவளை உட்காரவைத்து, பத்து டம்மியை ஒவ்வொன்றாக எறிந்து, ஒன்பதை நானே போய் எடுத்துவந்தேன். பத்தாவதுக்குத்தான் அவளை அனுப்பினேன், அதுவும் ஒவ்வொரு நாளும் இல்லை. சைக்கிளில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கிழவர், "மத்மொசேல், நாயை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் ஓடுகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார். நான் விரைந்து பேசுபவள், விரைந்து நடப்பவள், பேருந்து வரமுன்பே சில்லறையைக் கையில் பிடித்திருப்பவள். டம்மி விழுந்த பிறகு முப்பது எண்ணும்வரை நிற்பது எனக்குத்தான் அதிகம் வலித்தது. அவள் மூன்றாவது கிழமையிலேயே அசையாமல் இருக்கப் பழகிவிட்டாள். அருகில் வாத்துகள் தண்ணீரை அடித்து எழும்பினாலும் உடம்பு மட்டும் இறுகும், பின்பக்கம் புல்லோடு ஒட்டியே இருக்கும், கண் மட்டும் அவை போன திசையை அளந்து வைத்துக்கொள்ளும். அந்தக் கண்ணைப் பார்க்கவே நான் விடிய எழும்பினேன்.

செப்டெம்பரில் வீட்டுச் சப்பாத்துகள் எல்லாவற்றையும் கொரிடோரில் பரப்பி, அவற்றுக்கு நடுவில் அவளை உட்காரவைத்தேன். வேலையால் வந்த அப்பா தன்னுடையதையும் கழற்றி, அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

ஒக்டோபர்ச் சனிக்கிழமையும் முப்பது பேர். இந்தமுறை அவளை அறையில் சாத்தவில்லை. வாசலில், சப்பாத்துக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு பாயில் உட்காரவைத்தேன்.

"கட்டேல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை."

"கட்டினால் நல்லதெல்லோ?"

"கட்டினால் அவள் தானாய் இருந்தாள் எண்டு ஆருக்குத் தெரியும் அப்பா?"

அப்பா போய் மெழுகுதிரியைக் கொளுத்தினார். நான் கொரிடோர் தெரிகிற இடமாகப் பார்த்து முழங்காலில் இருந்தேன். மே மாதத்து மாமி நாயிடம் குனிந்து, "என்னடி, இண்டைக்கு விளையாட்டில்லையோ?" என்று கேட்டார். முதல் பத்து மணி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில், நடக்கத் தொடங்கி அதிக நாளாகாத ஒரு பெண்குழந்தை தாயின் பிடியிலிருந்து வழுகிக் கொரிடோருக்குள் போனாள். நாயின் முன்னால் நின்றாள். குவியலிலிருந்து ஒரு சின்னச் சிவப்புச் சப்பாத்தை எடுத்தாள். தன்னுடையதுதான். எடுத்து, "பெச்ச்!" என்று, 'எடுத்து வா' என்னும் ஆங்கிலச் சொல்லை மழலையில் கூவி, சிரித்தபடி எறிந்தாள்.

அது நாயின் காதை உரசிக்கொண்டு போய்க் குளியலறை வாசலில் விழுந்தது.

அவளுடைய முன்னங்கால் நடுங்கியது. ஆற்றங்கரையில் அவளுடைய தாயின் கால் நடுங்கியதே, அதே நடுக்கம். முன்வரிசையில் அப்பாவின் குரல் ஒரு மூச்சு நின்றது. அவர் திரும்பவில்லை, ஆனால் அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கையை உயர்த்தவில்லை. அவள் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு கொரிடோர் முழுவதையும் கடந்து என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

அப்பா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மீதிப் பத்து மணிகளும் பிரார்த்தனையும் முடியும்வரை அவள் இருந்தாள். குழந்தை இன்னும் இரண்டு சப்பாத்தை எறிந்துவிட்டு, அலுத்துப்போய், அவள் மேலேயே சாய்ந்துகொண்டது.

எல்லோரும் எழும்பினார்கள். அப்பா கொரிடோர் வாசலில் வந்து நின்றார்.

"இனி அனுப்பு," என்றார்.

"வா," என்றேன் பிரெஞ்சில். அவள் குழந்தையைச் சரிக்காமல் எழுந்தாள். குழந்தை பிறகு எறிந்த இரண்டும் காலடியில் கிடந்தன. அவற்றைத் தாண்டினாள். முப்பது சோடியையும் தாண்டினாள். அரை மணிக்கு முன்னால் விழுந்த அந்தச் சிவப்புச் சப்பாத்துக்கு நேரே போய், எடுத்து, என் கையில் கொடுத்தாள்.

அப்பா அதை என்னிடமிருந்து வாங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பல்லடையாளம் இல்லை," என்று யாருக்கென்றில்லாமல் சொல்லிவிட்டு, குழந்தையின் தாயிடம் கொடுத்தார்.

அதற்குள் மாமி ரோல்ஸ் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு குனிந்திருந்தார். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"குடுக்காதேங்கோ மச்சாள். அவ வேலையிலை நிக்கிறா."